விலகுவதா, இருப்பதா: 52க்கு 48 காணுமா?

வெண்கட்டி (கிளிநொச்சி)

போன கிழமை உயர்தர மாணவருக்கு ஒரு விவாதம் வைத்தேன். ஒரு நாடு தான் சேர்ந்திருக்கிற ஒன்றியத்தை விட்டு விலகலாமா, விலகுவதென்றால் யாரைக் கேட்டு விலக வேண்டும் என்பதுதான் தலைப்பு. பிரித்தானியாவை உதாரணமாக எடுத்தோம். எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது, கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நூறு பேர் இருக்கிற வீட்டில் 52 பேர் வெளிக்கிடுவோம் என்றால் மற்ற 48 பேரும் பெட்டி கட்ட வேண்டுமா?" என்று கேட்கும் வரைக்கும். மணி அடித்ததால் தப்பினேன்.

கணக்கை ஒருக்கால் சொல்லி விடுகிறேன். 2016 ஜூன் 23, பிரித்தானியாவில் வாக்கெடுப்பு. விலக வேண்டும் என்று 1 கோடியே 74 இலட்சம் பேர், இருக்க வேண்டும் என்று 1 கோடியே 61 இலட்சம் பேர். 51.9க்கு 48.1. சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா. விலகிய பிறகு எங்கே போய் நிற்பது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நோர்வே மாதிரி ஒன்றியத்துக்கு வெளியே நின்றுகொண்டு அதன் ஒற்றைச் சந்தைக்குள், அதாவது பொது வணிக வெளிக்குள், இருக்கலாம் என்று நினைத்தவரும், ஒரு ஒப்பந்தமும் வேண்டாம், வெட்டிக்கொண்டு போவோம் என்றவரும் ஒரே கட்டத்துக்குள்தான் புள்ளடி போட்டார்கள்.

என் கட்சி இதுதான். விலகும் உரிமை இருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போகிற இடத்தைச் சொல்லாமல் "போவமா?" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. நீங்கள் சொல்லுங்கள். திட்டுகிறவர்கள் தயவுசெய்து பந்தி பிரித்துத் திட்டுங்கள், போன இழையை வாசித்துக் கண் நொந்து போனது.

ஈஸ்ட்ஹாம் கடை (லண்டன், ஊர் விசுவமடு)

நான் விலகத்தான் புள்ளடி போட்டேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. அப்போது என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. பொதுநலவாய நாட்டுக்காரன் வீசாவோடு அங்கே இருந்தால் அந்த வாக்கெடுப்பில் வாக்குப் போடலாம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் கடைக்கு வந்த ஒரு கிழவி சொல்லித்தான் தெரியும்.

ஏன் போட்டேன்? நான் இந்த நாட்டுக்கு வந்து வழக்குத் தள்ளுபடியாகி, திரும்ப மேன்முறையீடு செய்து, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கையெழுத்து வைத்து, ஒன்பது வருடம் கழித்துத்தான் ஒரு கடதாசி கையில் வந்தது. அந்த ஒன்பது வருடமும் ஊரில் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. 2004இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரித்தானியா முதல் நாளே வேலைக் கதவைத் திறந்து விட்டது, ஜெர்மனி ஏழு வருடம் பூட்டி வைத்திருந்தது. போலந்துக்காரன் பஸ்ஸில் வந்து இறங்கி அடுத்த கிழமை வேலைக்குப் போகிறான். அவனில் எனக்குக் கோபம் இல்லை, என் கடையிலேயே ஒருவன் நின்றான், தங்கமான பொடியன். ஆனால் ஒரு நாட்டின் வாசலில் யார் வரலாம் என்று அந்த நாடுதான் சொல்ல வேண்டும், ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரசல்ஸ் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

விலகல் பிரசாரக்காரர் சிவப்பு பஸ்ஸில் ஒன்றியத்துக்குக் கிழமைக்கு 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம் என்று எழுதிக்கொண்டு திரிந்தார்களே, அதை நான் நம்பவில்லை. கடை வைத்திருக்கிறவனுக்குத் தெரியும், அது போனதை மட்டும் எழுதி வந்ததை எழுதாத கொப்பி.

குளக்கட்டு (இரணைமடு)

ஏறின ஏணியை எட்டி உதைக்கிற கதையாக இருக்கிறது அண்ணை. அதுவும் சரியாக உதைக்கவில்லை. விலகின பிறகு, 2023 பக்கம், அந்த நாட்டுக்கு ஒரு வருடத்தில் வந்தவர், போனவரைக் கழித்து 9 இலட்சத்துக்கு மேல் போனது. ஐரோப்பியனுக்குப் பதிலாக மற்றக் கண்டங்களில் இருந்து வந்தார்கள். எங்கள் ஊரிலேயே முதியோர் பராமரிப்பு வேலைக்கு என்று காணி ஈடு வைத்துப் போன பிள்ளைகள் எத்தனை. 2025 ஜூலையில் அந்தக் கதவையும் சாத்தி விட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் கடை

தம்பி, கதவைத் திறந்ததும் சாத்தினதும் லண்டனில் இருக்கிற பாராளுமன்றம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். நான் சொன்னதும் அதுதான்.

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அண்ணா எழுதினதை வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என் அக்கா குடும்பம் ஒல்லாந்தில் இருந்தது. ஒல்லாந்துக் குடியுரிமை. பிள்ளைகள் இங்கிலீசில் படிக்க வேண்டும், கோயில் கிட்ட இருக்க வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று லெஸ்டருக்கு இடம் மாறினார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க்கில் இருந்து இப்படி மாறின எங்கள் ஆட்கள் ஏராளம், அண்ணாவுக்கும் தெரிந்திருக்கும். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் அக்காவுக்கும் அத்தானுக்கும் அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. அயர்லாந்து, மோல்டா, சைப்பிரஸ்காரருக்கு மட்டும் இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு நின்ற உங்களுக்கு வாக்கு இருந்தது, இலங்கைக் கடவுச்சீட்டைக் கொடுத்து விட்டு ஒல்லாந்துச் சீட்டு எடுத்த அத்தானுக்கு இல்லை. ஒரே ஊர்ச் சனம், விசுவமடுவுக்கும் ஒட்டுசுட்டானுக்கும் எவ்வளவு தூரம்? நீங்கள் போட்ட புள்ளடி போலந்துக்காரனின் மேல் மட்டும் விழவில்லை.

வெண்கட்டி

இது முக்கியமான இடம். 52, 48 என்று சண்டை பிடிக்கிறோம், அந்த நூறுக்குள் யார் யார் என்று முதலில் யாரோ தீர்மானித்து விட்டார்கள். 2014இல் பிரித்தானியாவை விட்டுப் பிரிவதா என்று ஸ்கொட்லாந்தில் வாக்கெடுப்பு வைத்தபோது வேறு மாதிரிச் செய்தார்கள். அங்கே வசித்த ஐரோப்பியரும் வாக்குப் போட்டார்கள், 16 வயதுப் பிள்ளைகளும் போட்டார்கள். 84.6 வீதம் பேர் வந்து போட்டார்கள், பிரிய வேண்டாம் என்று 55 வீதம்.

அதில் ஒரு பகிடி இருக்கிறது. பிரித்தானியாவோடு இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கலாம் என்று சொல்லித்தான் ஸ்கொட்லாந்துச் சனத்தை மறித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஸ்கொட்லாந்து 62 வீதம் "இருப்போம்" என்று போட்டும், இங்கிலாந்தோடு சேர்த்து இழுபட்டு வெளியே வந்தது. திரும்ப ஒரு வாக்கெடுப்பு வைக்கப் போனால், லண்டன் சம்மதிக்காமல் வைக்கேலாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. லண்டன் ஒன்றியத்தை விட்டுப் போகும்போது பெரும்பான்மை காணும், லண்டனை விட்டு மற்றவன் போவதென்றால் லண்டனிடம் அனுமதி வாங்க வேண்டும்.

ஏ9 லொறி (மாங்குளம்)

சேர், நீங்கள் எல்லாரும் வீதக் கணக்கு எழுதுகிறீர்கள். நான் 2002இல் பாதை திறந்த நாளில் இருந்து 2006இல் மூடும் வரைக்கும் ஏ9இல் லொறி ஓடினவன். ஓமந்தையில் இராணுவப் பக்கத்துக்கும் புலிகளின் பக்கத்துக்கும் இடையில் எல்லை எப்படி இருந்தது என்று ஒரு முறை எழுதுகிறேன், பிறகு அயர்லாந்துக்கு வருகிறேன்.

விடிய நாலு மணிக்குப் போய் வரிசையில் விட்டால் பத்து மணிக்குத் தலை தெரியும். முதலில் ஒரு பக்கம் பதிவு, சாமான் பட்டியல், எல்லாம் மூன்று பிரதி. கார்பன் தாள் மங்கினால் திரும்ப எழுத வேண்டும். மூட்டை எல்லாவற்றையும் இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். குத்தின ஓட்டையால் பருப்புக் கொட்டும், வெயிலுக்குள் நின்று தாரில் இருந்து கூட்டி அள்ளினது இப்போதும் கையில் இருக்கிறது. அது முடிந்து நடுவில் ஒருத்தருக்கும் இல்லாத நிலம். பிறகு அடுத்த பக்கம், அங்கேயும் பதிவு, அங்கேயும் இறக்கு, அங்கே காசும் கட்ட வேண்டும். நூற்றைம்பது மைல் ஓடுகிறதை விட அந்த இரண்டு மைல்தான் நீளம். சாமானின் விலை யார் தலையில்? கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிற சனத்தின் தலையில்.

இப்போது அயர்லாந்து. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரித்தானியாவோடு இருக்கிற வடக்கு அயர்லாந்துக்கும் தனிநாடான தெற்குக்கும் இடையில் சோதனைச் சாவடி இல்லை. கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர் எல்லை, குறுக்கே இருநூறுக்கு மேற்பட்ட றோட்டு. ஒருத்தனின் வீடு ஒரு நாட்டில், அவன் மாட்டுப் பட்டி மற்ற நாட்டில். இரண்டும் ஒரே ஒன்றியத்துக்குள் இருந்தபடியால் சரி. ஒன்று வெளியே போனால் எங்கேயோ ஒரு இடத்தில் மூட்டையை இறக்கிப் பார்க்கத்தானே வேண்டும்? றோட்டில் சாவடி போட்டால் திரும்ப வெடிக்கும் என்று பயந்து, கடலில் போட்டார்கள். இப்போது பிரித்தானியாவுக்கு உள்ளேயே, ஒரு துறைமுகத்தில் இருந்து மற்றத் துறைமுகத்துக்குப் போகிற சாமானுக்குக் கடதாசி. 2023இல் விண்ட்சர் ஏற்பாடு என்று கொஞ்சம் இளக்கினார்கள், முற்றாகப் போகவில்லை.

வடக்கு அயர்லாந்தில் 55.8 வீதம் "இருப்போம்" என்றுதான் போட்டது. எல்லை யார் வாசலில் வருமோ அவனிடம் கேட்டால் அவன் வேறு பதில் சொல்லுவான். எல்லையைக் காணாதவனுக்கு அது கோடு.

குளக்கட்டு

ஏ9 அண்ணை 👏 அந்தப் பருப்பு.

முல்லை வள்ளம் (முல்லைத்தீவு)

லொறி அண்ணை சொன்னது நிலத்துக்குச் சரி. கடலுக்கு வாருங்கள். நான் பிரித்தானியாவில் இருந்திருந்தால் நானும் விலகத்தான் போட்டிருப்பேன். தன் கரையில் நின்று பார்க்க மற்ற நாட்டு றோலர் வந்து அடிமடி இழுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டில் 2017இலேயே இழுவைமடிக்குச் சட்டத்தில் தடை போட்டாயிற்று. இரவில் கடலில் நின்றால் அந்த வெளிச்ச வரிசை இப்போதும் ஒரு பட்டணம் மாதிரித்தான் தெரிகிறது. ஆகவே "எங்கள் கடல் எங்களுக்கு" என்று அந்த ஊர்க் கடற்றொழிலாளி சொன்னதை நான் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவனுக்குக் கிடைத்தது என்ன? ஒப்பந்தத்தில் ஐரோப்பியரின் பங்கில் கால்வாசியைத் திரும்பத் தருவோம், அதுவும் ஐந்தரை வருடத்தில் படிப்படியாக என்றார்கள். 2026 நடுப்பகுதியில் அது முடியும், பிறகு நாங்களே பேசிக்கொள்ளலாம் என்று இருந்தான். 2025 மேயில் அரசாங்கம் போய் இன்னும் 12 வருடத்துக்கு ஐரோப்பிய வள்ளங்கள் வரலாம் என்று கையெழுத்து வைத்து விட்டது. 2038 வரைக்கும். ஏன்? மீன் பிடிக்கிறது இவன் கடலில், விற்கிறது அவன் சந்தையில். மட்டி சில வகையை உயிரோடு ஏற்றவே முடியாமல் போன ஊர்கள் இருக்கின்றன.

இது எங்களுக்கும் தெரியும். இலங்கை மீனை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பா 2015 ஜனவரியில் இருந்து தடை போட்டு 2016இல்தான் எடுத்தது. மீன் அதே மீன், கடல் அதே கடல், விலை மட்டும் விழுந்தது.

கிறீன்லாந்தைப் பாருங்கள், மீனுக்காகவே வெளியே போன ஆட்கள். 1982இல் வாக்கெடுப்பு, 53 வீதம் விலக, 1985இல் போயே விட்டார்கள். மொத்தமே ஐம்பதாயிரம் சொச்சம் சனம், மீனைத் தவிரப் பேச ஒன்றும் இல்லை, ஆனபடியால் முடிந்தது.

இரணைமடுக் காற்று

எல்லாரும் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறீர்கள். ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, கிறீன்லாந்து. எங்கள் வீட்டுக் கதையை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?

குளக்கட்டு

அண்ணை, ஆறாம் திருத்தம் 😶

வெண்கட்டி

பகிடியாகச் சொன்னாலும் அதுதான் விஷயம். அரசியலமைப்புக்கு 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின்படி இலங்கைக்குள் தனிநாடு வேண்டும் என்று ஆதரித்துப் பேசுவதே குற்றம். தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அதில் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்ற இருக்கைகளை இழந்தார்கள். கூட்டாட்சி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதற்குள் நின்று பேசலாம். ஆகவே இந்த இழையில் யாரும் எல்லை தாண்டி எழுத வேண்டாம். இது பயத்தில் சொல்வதல்ல. சரி, கொஞ்சம் பயமும்தான்.

ஆனால் எங்களுக்கும் ஒரு "இருப்பதா, விலகுவதா" கேள்வி எழுத்தில் இருந்தது, மறந்து விட்டோம். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டபோது, அந்த இணைப்புத் தொடர வேண்டுமா என்று கிழக்கு மாகாணச் சனத்திடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜனாதிபதி விரும்பினால் ஒத்திவைக்கலாம் என்றும் இருந்தது. வருடா வருடம் ஒத்திவைத்தார்கள். கடைசியில் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது, 2007 ஜனவரி 1இல் இரண்டாகப் போனது. பதினெட்டு வருடம் ஒன்றாக இருந்த மாகாணம், இருப்பதா என்று திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது வேறு சண்டை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் மூன்று பதில் வைத்திருந்தார்கள்.

பழைய தபால்காரன் (நெடுங்கேணி)

பிள்ளைகள், எனக்கு வயது போய்விட்டது, தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னிக்கவும். சர்வஜன வாக்கெடுப்பு என்றால் என்ன என்று இந்த நாட்டில் வாக்குப் போட்டுப் பார்த்தவன் நான். 1982 டிசம்பர் 22. பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று கேள்வி. ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எங்கள் வீட்டில் அம்மா கேட்டா, "விளக்கு வைக்கிறதும் குடத்தில் தண்ணி அள்ளுகிறதும் ஒரே ஆள்தானே, இதை ஏன் இரண்டாகப் பிரிச்சவங்கள்?" என்று. நாங்கள் குடத்துக்குப் போட்டோம். வடக்கில் குடம்தான். நாடு முழுக்க விளக்கு 54 வீதத்துக்கு மேல். 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரைக்கும் இருந்தது. 1983 ஆடியில் நடந்த இனக்கலவரம் உங்களுக்குத் தெரியும், ஓகஸ்டில் சேர் சொன்ன திருத்தம். அந்த நீட்டின பாராளுமன்றம்தான் அதைச் செய்தது. நாங்கள் போட்ட குடத்தை யாரும் எண்ணாமல் விடவில்லை. எண்ணினார்கள். எண்ணின பிறகு ஒன்றும் மாறவில்லை.

ஸ்காபரோப் பனி (கனடா, ஊர் வவுனியா)

ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் பக்கத்தில் கியூபெக். கனடாவை விட்டுப் பிரிவதா என்று 1995இல் வாக்கெடுப்பு, 49.42க்கு 50.58, ஐம்பத்து நாலாயிரம் சொச்ச வாக்கில் கனடா தப்பியது. நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வந்து போட்டார்கள். கேள்வியே ஒரு சுற்றுச் சுற்றின கேள்வி, கனடாவுக்குக் கூட்டுறவுக்கான அழைப்பு விட்ட பிறகு இறைமை பெறலாமா என்கிற மாதிரி. பிறகு 2000இல் தெளிவுச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், பெரும்பான்மையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று. எத்தனை வீதம் என்றால் தெளிவு என்று மட்டும் எழுதவில்லை, கனடாக்காரர் இப்படித்தான். செர்பியாவோடு சேர்ந்திருந்த மொண்டெனேகுரோவில் 2006இல் 55 வீதம் எடுத்தால்தான் பிரியலாம் என்று முன்கூட்டியே கோடு போட்டார்கள், 55.5 வந்தது. அரை வீதத்தில் ஒரு நாடு பிறந்தது. ஆனால் போடுவதற்கு முன்னம் எல்லாருக்கும் கோடு தெரியும்.

ஈஸ்ட்ஹாம் கடை

55 வைத்திருந்தால் நாங்கள் தோற்றிருப்போம். ஆனால் 1975இல் இருக்கலாமா என்று கேட்டபோதும் சாதாரணப் பெரும்பான்மைதானே, அப்போது 67 வீதம் ஓம் என்றார்கள், ஒருத்தரும் கோடு கேட்கவில்லை. உள்ளே போக ஒரு அளவு, வெளியே வர வேறு அளவு என்றால் அது வலை.

குழப்பினது சனம் இல்லை, அரசியல்வாதி. 2017 மார்ச்சில், ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கான 50ஆம் உறுப்புரையைத் தொட்டால் இரண்டு வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று தெரிந்தும், என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவெடுக்காமல் தொட்டார்கள். 2019 ஜனவரியில் அப்போதைய பிரதமர் தெரேசா மேயின் ஒப்பந்தத்தை 432க்கு 202 என்று தோற்கடித்தார்கள். அது வேண்டாம், ஆனால் எது வேண்டும் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது.

வெண்கட்டி

அண்ணை, நான் முதல் பதிவில் எழுதினதைத்தான் நீங்கள் இப்போது வேறு வழியால் எழுதியிருக்கிறீர்கள்.

ஈஸ்ட்ஹாம் கடை

இல்லை. திரும்ப வைத்தாலும் விலகத்தான் போடுவேன்.

பாலைப்பழம்

ஒரு சின்ன விஷயம். எங்கள் ஒழுங்கையில் வீட்டுத்திட்ட வீடுகளின் முன்னால் ஒரு பலகை இருந்தது, நீலத்தில் வட்டமாகப் பன்னிரண்டு நட்சத்திரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காசில் கட்டினது. என் மகன் சின்னனில் அதைப் பார்த்து எண்ணப் பழகினான். இப்போது ஒன்று கோழிக்கூட்டுக்குக் கதவாக நிற்கிறது. வேல்ஸில் எபு வேல் என்று ஒரு ஊர், இரும்பாலை மூடின பிறகு றோட்டு, ரயில், கல்லூரி என்று ஐரோப்பியக் காசு கொட்டின இடம், அங்கேயும் அதே நட்சத்திரப் பலகை. அந்த மாவட்டம் 62 வீதம் விலகப் போட்டது. முதலில் நன்றி கெட்ட சனம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், வீடு கட்டித் தந்தவனின் பலகையைப் பார்த்து நாங்கள் மட்டும் என்ன உருகினோம்? வேலை எங்கே என்றுதான் கேட்டோம்.

இரணைமடுக் காற்று

வேலை என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு ஜிஎஸ்பி பிளஸ் என்றால் என்ன என்று ஒருத்தரும் சொன்னதில்லை. 2010இல் ஐரோப்பா அந்த வரிச்சலுகையை எடுத்தது, 2017இல் தந்தது. பிரித்தானியா விலகினதும் தனக்கென்று வேறு சலுகைத் திட்டம் எழுத வேண்டி வந்தது, 2023இல் அதையும் மாற்றினார்கள். யாரோ எங்கேயோ ஒன்றியத்தை விட்டுப் போக, இங்கே தைக்கிற சட்டைக்கு இரண்டு கணக்கு.

வெண்கட்டி

இன்று வகுப்பில் திரும்பக் கேட்டேன். முதலில் இருப்பதா, விலகுவதா என்று மட்டும் கையைத் தூக்கச் சொன்னேன். விலக 19, இருக்க 14. பிறகு விலகுவதை இரண்டாகப் பிரித்தேன், சந்தைக்குள் நின்றுகொண்டு விலகல், முழுசாக வெட்டி விலகல். 11, 8, இருக்க அதே 14. கடைசி வாங்குப் பிள்ளை எழும்பி, "அப்ப சேர், இருக்கிறதுதானே வெண்டது?" என்றாள். விலகல் பக்கத்தார் எழும்பிக் கத்தினார்கள், கேள்வியைப் பிரித்து எங்களைத் தோற்கடிக்கிறீர்கள் என்று. அவர்கள் கேட்டதும் நியாயம்தான். இந்த முறை மணியும் அடிக்கவில்லை.

ஏ9 லொறி

😂 சேர், மூன்றாவது தரம் கேட்க வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் கடை

பாலைப்பழம் தங்கச்சி, ஐரோப்பியர் இங்கே தொடர்ந்து இருக்கிறதற்கான நிரந்தர நிலை உங்கள் அத்தானுக்குக் கிடைத்ததா? விண்ணப்பிக்க 2021 ஜூன் 30 கடைசித் திகதியாக இருந்தது. கடைக்கு வருகிற கனபேருக்கு நான்தான் போனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

பாலைப்பழம்

கிடைத்தது அண்ணா. ஆனால் அட்டையும் இல்லை, கடவுச்சீட்டில் முத்திரையும் இல்லை, எல்லாம் கணினியில்தான் இருக்காம். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. இடம்பெயர்ந்து போகும்போது சோற்றுப்பானையை விட்டு விட்டு, குடும்ப அட்டையும் பிறப்புப் பதிவும் உறுதியும் இருந்த பொலித்தீன் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு போன மனுசி. அத்தானுக்கு வந்த மின்னஞ்சலை என்னிடம் சொல்லி ஒட்டுசுட்டானில் பிரதி எடுத்து, லெமினேட் பண்ணி, அதே பைக்குள் வைத்திருக்கிறா.